ஊர் நிருபரை உலக விருதுக்குப் பரிந்துரைக்கும் முன்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். உங்கள் பக்கத்தில் ஒரு பகுதி நேர நிருபர் இருக்கிறார். ஏரிகளில் சவுடு மண், அதாவது பள்ளம் நிரப்புகிற விலை குறைந்த மேல்மண் எடுப்பதாக அனுமதி வாங்கிவிட்டு அடியில் கிடக்கும் மணலை அள்ளிக்கொண்டு போவதைப் பற்றி இரண்டு வருடமாக விடாமல் எழுதிவருகிறார். ஒரு நடைக்கு ஒன்று என்று அரசு கொடுக்கிற நடைச்சீட்டின் ஒரே எண்ணில் ஒரே நாளில் மூன்று டிப்பர் லாரிகள் வெளியே போனதைப் படத்தோடு போட்டார், அதற்கப்புறம் அந்தக் குவாரி நின்றது. அவருக்கு ஒரு சர்வதேசப் பத்திரிகையாளர் விருது கிடைக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் நினைக்கிறீர்கள். யார் பரிந்துரைக்கலாம், எந்த விருதுக்கு, கடிதத்தில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பத்திரிகை மொழிபெயர்ப்பில் பதினைந்து வருடத்துக்கு மேல் இருப்பவன். அந்த வேலையினாலேயே தமிழில் எழுதுகிற நிருபர்களுக்காக ஏழெட்டுப் பரிந்துரைக் கோப்புகளைத் தயார் செய்து கொடுத்திருக்கிறேன். ஒன்றிரண்டு இறுதிச் சுற்று வரை போயின, மற்றவை போகவில்லை. போகாதவற்றில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கடிதம், படிவம், கடைசித் தேதி எல்லாவற்றையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அந்த நிருபரிடம் கேட்டீர்களா? உங்கள் கேள்வியில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. பாராட்டுவதற்கு அனுமதி எதற்கு என்று தோன்றலாம். மணல் விஷயத்தில் எழுதுகிற ஒருவருக்கு இது வெறும் மரியாதைப் பேச்சு கிடையாது. மத்தியப் பிரதேசத்தின் பிண்ட் நகரில் சந்தீப் சர்மா என்ற தொலைக்காட்சி நிருபர் மணல் கடத்தலில் காவல்துறைக்கு இருந்த பங்கைப் பற்றி ரகசியக் கேமரா வைத்து எடுத்துப் போட்டார். உயிருக்கு ஆபத்து இருக்கிறது, பாதுகாப்பு வேண்டும் என்று எழுதியும் கொடுத்திருந்தார். 2018 மார்ச் 26 அன்று பைக்கில் போய்க்கொண்டிருந்தவர் மீது லாரி ஏறியது. சாலையில் பக்கவாட்டில் திரும்பி அவர் மேல் ஏறுகிற அந்த லாரி கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது. 2025 ஜனவரியில் சத்தீஸ்கரின் பிஜாப்பூரில் முகேஷ் சந்திராகர் என்ற இளம் நிருபரின் உடல் ஒரு ஒப்பந்ததாரரின் இடத்தில் செப்டிக் டேங்குக்குள் கிடைத்தது, அவர் எழுதியது சாலை போடுவதில் நடந்த ஊழலைப் பற்றி. இரண்டு பேருமே சின்ன ஊரில் இருந்தபடி, தாங்கள் யாரைப் பற்றி எழுதுகிறார்களோ அந்த ஆட்களின் கண் முன்னாலேயே தினமும் நடமாடியவர்கள். தலைநகரத்தில் இருப்பவர் எழுதிவிட்டு விமானம் ஏறிவிடலாம். உங்கள் நிருபர் எழுதிவிட்டு அதே டீக்கடைக்குத்தான் போக வேண்டும்.

விருது வந்தால் அவர் பெயர் வெளியே தெரியும், அதுவே பாதுகாப்பு என்று சொல்பவர்கள் உண்டு. பல நேரங்களில் அது உண்மையும்கூட. ஆனால் எந்தப் பக்கம் சாயும் என்று தீர்மானிக்கிற உரிமை அவருடையது, நம்முடையது கிடையாது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெண் நிருபருக்காக நான் பாதிக் கோப்பைத் தயார் செய்துவிட்டுத்தான் அவரிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, “அண்ணா, என்கிட்ட பேசின குடும்பம் அந்த ஊர்ல ரெண்டே ரெண்டுதான். இங்கிலீஷ்ல போட்டு நீங்க சம்பவத்தை விளக்கினீங்கன்னா, யார்னு கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் ஆகாது” என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. செய்தி வந்தபோது அவர் எவ்வளவு கவனமாக அடையாளத்தை மறைத்திருந்தாரோ, அதையெல்லாம் நான் “பின்னணி விளக்கம்” என்ற பெயரில் ஒவ்வொன்றாகத் திறந்துவைத்திருந்தேன். கோப்பை அப்படியே அழித்துவிட்டேன். அன்றிலிருந்து என் முதல் கேள்வி நிருபரிடம்தான். இரண்டாவது கேள்வியும் அவரிடம்தான்: உங்களிடம் பேசியவர்களில் யாருக்கு இதனால் சிக்கல் வரும்?

சரி, அவர் சம்மதித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எந்த விருது. எல்லா விருதையும் ஒரே கூடையில் போட்டுப் பார்ப்பதால்தான் நம் ஆட்கள் தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டு ஏமாந்துபோகிறார்கள். எனக்குத் தெரிந்து இரண்டு வகை. ஒன்று, வெளிவந்த செய்தியை மதிப்பிடுவது. இன்னொன்று, ஆளையும் அவர் எதிர்கொண்டதையும் மதிப்பிடுவது. இரண்டுக்கும் எழுத வேண்டிய கடிதம் முழுக்க முழுக்க வேறு.

இந்த வித்தியாசத்தைக் காட்ட மியான்மரில் நடந்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் செய்தியாளர்கள் வா லோன், சியாவ் சோ ஊ இருவரும் ரக்கைன் மாநிலத்தின் இன் டின் கிராமத்தில் 10 ரொஹிங்கியா முஸ்லிம் ஆண்கள் கொல்லப்பட்டதைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கைக்கு வந்த படங்களில் ஒன்றில் அந்தப் பத்துப் பேரும் வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், இன்னொன்றில் அதே பத்துப் பேர் ஒரே குழியில் பிணமாகக் கிடக்கிறார்கள். 2017 டிசம்பர் 12 அன்று இருவரும் கைதானார்கள், 2018 பிப்ரவரியில் அவர்கள் சிறையில் இருக்கும்போதே செய்தி வெளியானது, செப்டம்பரில் ஏழு ஆண்டு தண்டனை. 2019 ஏப்ரலில் சர்வதேசச் செய்திக்கான புலிட்சர் பரிசு ராய்ட்டர்ஸுக்கு வந்தது. அதே ஆண்டு யுனெஸ்கோவின் கில்லெர்மோ கானோ உலகப் பத்திரிகைச் சுதந்திரப் பரிசு அந்த இருவர் பெயருக்கும் வந்தது. மே 7 அன்று பொது மன்னிப்பில் வெளியே வந்தார்கள். புலிட்சர் பார்த்தது அந்தச் செய்தியை: என்ன கண்டுபிடித்தார்கள், எப்படி உறுதி செய்தார்கள், எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. கானோ பரிசு பார்த்தது அந்த இரண்டு மனிதர்களை, அதற்காக அவர்கள் எதைக் கொடுத்தார்கள் என்பதை.

புலிட்சரைப் பற்றி நம் ஊரில் நிறையப் பேர் கேட்பார்கள், அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். அது அமெரிக்க ஊடகங்களில் வந்த வேலைக்கு மட்டும்தான். எழுதியவர் அமெரிக்கராக இருக்க வேண்டியதில்லை, வெளியிட்ட நிறுவனம் அங்கே இருந்தாக வேண்டும். 75 டாலர் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் ஒரு வேலையை அனுப்பிவைக்கலாம். நடுவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் மூன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்கள், வாரியம் அதிலிருந்து முடிவு செய்யும். உங்கள் நிருபர் எழுதுவது தமிழ் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில். அதனால் இந்தக் கதவு அவருக்கு இல்லை. ஆனாலும் அங்கே ஜெயித்த ஒரு வேலையைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். 2021இல் சர்வதேசச் செய்திப் பிரிவில் பஸ்ஃபீட் நியூஸின் மேகா ராஜகோபாலன் வாங்கினார். தமிழ்நாட்டுப் பூர்வீகம் என்பதால் அப்போது நம் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. சீனாவின் சின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்களை அடைத்துவைத்திருந்த முகாம்களைப் பற்றிய தொடர் அது. அவரைச் சீனாவுக்குள் விடவில்லை. கூட இருந்தவர்களில் ஒருவர் கட்டடக் கலைஞர் அலிசன் கில்லிங், இன்னொருவர் கணினி நிரலர் கிறிஸ்டோ புஷெக். சீனாவின் பைடு நிறுவனத்தின் இணைய வரைபடத்தில் சில இடங்கள் மட்டும் வெறும் சாம்பல் கட்டமாக மறைக்கப்பட்டிருப்பதைக் கவனித்து, அப்படி மறைத்த இடங்களை எல்லாம் தேடி எடுத்து, அவற்றை வேறு செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டார்கள். 2017இலிருந்து கட்டிய 260க்கும் மேற்பட்ட வளாகங்கள் தெரிந்தன. அப்புறம் கஜகஸ்தானுக்குப் போய், முகாமிலிருந்து வெளியே வந்தவர்களிடம் பேசி அதை உறுதி செய்தார்கள். மறைத்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்ற அந்த ஒரு யோசனை, உங்கள் நிருபர் நடைச்சீட்டு எண்ணைப் பார்த்த யோசனைக்கு உறவுமுறைதான். கடிதம் எழுதும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சொல்கிறேன்.

கானோ பரிசுக்கு வருவோம். கொலம்பியாவில் எல் எஸ்பெக்டடோர் நாளிதழின் ஆசிரியராக இருந்த கில்லெர்மோ கானோ போதைப்பொருள் கும்பல்களைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர். 1986 டிசம்பர் 17 அன்று பொகோட்டாவில் தன் பத்திரிகை அலுவலக வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரில் 1997இலிருந்து, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளான மே 3ஐ ஒட்டிக் கொடுக்கிறார்கள். பரிசுத் தொகை 25,000 டாலர். இங்கே நீங்களோ நானோ நேராகப் பெயர் அனுப்ப முடியாது. யுனெஸ்கோ உறுப்பு நாடுகளின் அரசுகளும், இந்தத் துறையில் வேலை செய்கிற, யுனெஸ்கோவோடு தொடர்புள்ள சர்வதேச அமைப்புகளும்தான் அனுப்பலாம். அரசைப் பற்றியே எழுதுகிற ஒருவரை அரசு பரிந்துரைக்கும் என்று காத்திருப்பது வீண். அமைப்புகள் வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு அந்த அமைப்புக்கு உங்கள் நிருபரை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். விருது அறிவிப்பு வந்தபின் ஓடுவதில் பயன் இல்லை. மிரட்டல் வந்தபோதே, வழக்கு போட்டபோதே, கேமராவைப் பிடுங்கியபோதே பத்திரிகையாளர் பாதுகாப்பு அமைப்புகளுக்குத் தகவல் எழுதிப் பதிவு செய்து வைத்தால், அந்தப் பதிவுதான் பின்னால் பரிந்துரையாக வளரும்.

தமிழர்களுக்கு நெருக்கமான பெயர்கள் இந்த வகையில்தான் அதிகம். 2009 ஜனவரி 8 அன்று கொழும்பில் காரில் அலுவலகம் போய்க்கொண்டிருந்தபோது கொல்லப்பட்ட சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவுக்கு அந்த ஆண்டின் கானோ பரிசை இறப்புக்குப் பின் கொடுத்தார்கள். அதே ஆண்டில் ஜே. எஸ். திசைநாயகம். நார்த் ஈஸ்டர்ன் மந்த்லி இதழில் தமிழ் மக்கள் மீது நடந்த ராணுவ நடவடிக்கை பற்றி எழுதிய கட்டுரைகளுக்காக 2008 மார்ச்சில் கைதாகி, 2009 ஆகஸ்ட் 31 அன்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 20 ஆண்டு கடூழியச் சிறைத் தண்டனை பெற்றவர். கட்டுரைக்கு இருபது ஆண்டு. அந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய பீட்டர் மேக்லர் விருதின் முதல் விருதாளர் அவர்தான், நியூயார்க்கின் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவும் தன் சர்வதேசப் பத்திரிகைச் சுதந்திர விருதுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தது. விருதுகள் அறிவிக்கப்பட்டபோது அவர் சிறையில் இருந்தார். 2010 ஜனவரியில் பிணை கிடைத்தது, அதே ஆண்டு மே 3 அன்று, பத்திரிகைச் சுதந்திர நாளிலேயே, பொது மன்னிப்பு அறிவித்தார்கள். விருதுதான் அவரை வெளியே கொண்டுவந்தது என்று நான் சொல்ல மாட்டேன், எத்தனையோ கைகள் அந்தக் கதவைத் தள்ளின. ஆனால் அறிவிப்புக்கு அந்த மே 3ஐத் தேர்ந்தெடுத்தார்கள் அல்லவா, உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துதான் அந்தத் தேதி.

இப்போது உங்கள் நிருபருக்கு நெருக்கமான ஒன்று. கர்ட் ஷார்க் பெயரிலான விருது. இவர் அமெரிக்கர், நாற்பதை ஒட்டிய வயதில்தான் பத்திரிகைக்கு வந்தவர், ராய்ட்டர்ஸுக்காக போஸ்னியப் போரில் சரயேவோ நகர முற்றுகையிலிருந்து எழுதியவர். 1993இல் அந்த நகரத்தை விட்டுத் தப்ப முயன்று பாலத்தருகே சுடப்பட்டு, ஒருவர் மேல் ஒருவர் கைபோட்டபடி இறந்துகிடந்த ஒரு செர்பிய இளைஞனையும் முஸ்லிம் பெண்ணையும் பற்றி அவர் அனுப்பிய செய்தி உலகம் முழுக்கப் போனது. 2000 மே 24 அன்று சியரா லியோனில் பதுங்கித் தாக்கிய ஆயுதக் குழுவால் கொல்லப்பட்டார். அவர் சாம்பலில் ஒரு பாதி சரயேவோவில், அந்த ஜோடியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறது. இந்த விருதில் சுதந்திரச் செய்தியாளருக்கு ஒன்று, உள்ளூர் நிருபருக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்தார்கள். 2017இலிருந்து ஃபிக்ஸருக்கும் ஒன்று சேர்த்தார்கள், அதாவது வெளிநாட்டு நிருபருக்கு வழி காட்டி, மொழிபெயர்த்து, ஆளைப் பிடித்துக் கொடுத்து, கடைசியில் பெயர் வராமலே போகிறவர்.

எனக்கு இந்த விருதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் மயில்வாகனம் நிமலராஜனின் ஞாபகம் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசியின் தமிழ், சிங்களச் சேவைகளுக்கும் வீரகேசரிக்கும் எழுதியவர். ஷார்க் இறந்த அதே 2000ஆம் ஆண்டு, அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், ராணுவக் காவல் சூழ்ந்த பகுதியில் இருந்த தன் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகச் சுட்டுக் கொன்றார்கள். உள்ளூர் நிருபர் என்ற பிரிவு எதற்காக என்று யாராவது கேட்டால் நான் இந்த ஜன்னலைத்தான் சொல்வேன். வெளியூரிலிருந்து வருபவரின் துணிச்சல் பெரியதுதான். வீட்டு முகவரி எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் எழுதுவது வேறு வகைத் துணிச்சல்.

இது தவிர உலகப் புலனாய்வுப் பத்திரிகையாளர் வலையமைப்பு தன் மாநாட்டில் கொடுக்கிற குளோபல் ஷைனிங் லைட் விருது இருக்கிறது. வளரும் நாடுகளில் மிரட்டலுக்கு நடுவே செய்த புலனாய்வுக்கு என்றே வைத்திருக்கிறார்கள், உங்கள் நிருபரின் தொடர் அதற்கு இயல்பாகப் பொருந்தும். எதுவானாலும் அந்தந்த ஆண்டின் விதிமுறையைப் படித்துவிட்டு இறங்குங்கள், பிரிவுகளும் தேதிகளும் மாறிக்கொண்டே இருக்கும்.

இனி கடிதம். என் முதல் கடிதம் இரண்டு பக்கம் இருந்தது. அஞ்சாநெஞ்சர், நேர்மையாளர், சமூக அக்கறை கொண்டவர், எளிமையானவர், எழுதுகோலை வாளாக ஏந்தியவர். எல்லாமே உண்மைதான், ஒவ்வொரு சொல்லையும் மனதார எழுதினேன். தேர்வாகவில்லை. பின்னாளில் வேறொரு விருதில் நடுவராக இருந்த ஒருவரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டியபோது அவர் படித்துவிட்டு, இவர் என்ன எழுதினார் என்று நீங்கள் சொல்லவே இல்லையே என்றார். அது சுருக்கென்று தைத்தது. கல்யாண வீட்டில் வாசிக்கிற வாழ்த்து மடல் மாதிரி எழுதியிருக்கிறேன். நடுவர் மேசையில் இருக்கிற ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு அஞ்சாநெஞ்சர் இருப்பார். மூன்று லாரி, ஒரே எண் என்பது உங்கள் கடிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

அதனால் அங்கிருந்தே தொடங்குங்கள். பிறந்த ஊர், படிப்பு எல்லாம் வேண்டாம். இன்ன தேதி காலை ஏரிக்கரை வழியாக மூன்று லாரிகள் வந்தன, மூன்று ஓட்டுநர்களிடமும் அரசு கொடுத்த நடைச்சீட்டு இருந்தது, மூன்றிலும் ஒரே எண். ஒரு சீட்டு ஒரு நடைக்கு மட்டும்தான் செல்லும். இதை அந்த நிருபர் எப்படிக் கவனித்தார்? எத்தனை நாள் கரையில் நின்றார்? சீட்டைப் படம் எடுக்க யார் சம்மதித்தார்கள், அதிகாரியிடம் கேட்டபோது என்ன பதில் வந்தது, தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டாரா, எத்தனை யூனிட்டுக்கு அனுமதி, போனது எத்தனை? சின்ஜியாங் தொடரில் சாம்பல் கட்டம் எப்படியோ, இங்கே சீட்டு எண் அப்படி. வரைபடம் பார்க்கத் தெரிந்த யாருக்கும் சாம்பல் கட்டம் புரியும், எண் படிக்கத் தெரிந்த யாருக்கும் இது புரியும். நடுவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்.

மொழிபெயர்ப்பில்தான் பெரும்பாலான தமிழ்க் கோப்புகள் படுத்துவிடுகின்றன. விருதுக் குழு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படிக்கும். நாம் சவுடு என்று எழுதினால் நமக்குப் புரியும், அவருக்குப் புரியாது. வெறும் மண் என்று மாற்றிவிட்டால் செய்தியே போய்விடும், ஏனென்றால் மோசடி மொத்தமும் அந்த ஒரு சொல்லுக்குள்தான் இருக்கிறது: பள்ளம் நிரப்பத்தான் லாயக்கு, விலை குறைவு என்று மேல்மண்ணுக்கு அனுமதி, லாரியில் ஏறுவதோ கட்டடத்துக்குப் போகிற, பல மடங்கு விலையுள்ள மணல். புறம்போக்கு என்ற சொல்லோடு ஒரு முறை நான் முழு மாலையும் உட்கார்ந்திருக்கிறேன். அரசு நிலம் என்று போட்டால் ஊருக்குப் பொதுவாக விட்டுவைத்தது என்ற அர்த்தம் கழன்றுவிடுகிறது, பொது நிலம் என்று போட்டால் பூங்கா மாதிரித் தோன்றுகிறது. கடைசியில் சொல்லை அப்படியே வைத்துவிட்டு, ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் நிலம் என்று யாருக்கும் பட்டா போடாமல் கிராமக் கணக்கில் தனியாகக் காட்டுகிற நிலம் என்று ஒரு வரி சேர்த்தேன். அப்படி ஒரு வரி விளக்கம் ஐந்தாறு சொல்லுக்குப் போதும், அதற்கு மேல் போனால் படிப்பவர் களைத்துவிடுவார். தானியங்கி மொழிபெயர்ப்பை அப்படியே அனுப்பாதீர்கள். நிருபரின் நடையை மெருகேற்றவும் வேண்டாம். அவர் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதியிருந்தால் ஆங்கிலத்திலும் சின்ன வாக்கியமாகவே இருக்கட்டும், அவர் சொல்லாத கோபத்தை நீங்கள் ஏற்றிவிடக் கூடாது. மொழிபெயர்ப்பு யார் செய்தது என்பதையும் தெளிவாகப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய ஒரு தலைவலி. பெயர். மாவட்டப் பக்கத்தில் வருகிற செய்திகளில் பாதிக்கு மேல் “நமது நிருபர்” என்றுதான் இருக்கும். விருதுக் குழு கேட்கிற முதல் கேள்வி, இதை எழுதியவர் இவர்தான் என்பதற்கு என்ன சான்று. இரண்டு வருடம் வெயிலில் நின்று எழுதியவரின் பெயர் ஒரு இடத்திலும் அச்சில் இல்லை என்பதை வெளிநாட்டில் இருப்பவருக்குப் புரியவைப்பது மிகக் கஷ்டம். ஒரே வழி, ஆசிரியரோ செய்தி ஆசிரியரோ அலுவலகத் தாளில், இன்னின்ன தேதியில் வந்த இன்னின்ன செய்திகளை எழுதியது இவர் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. நல்ல ஆசிரியர்கள் உடனே கொடுத்துவிடுவார்கள். சிலர் யோசிப்பார்கள், பகுதி நேர நிருபரை எங்கள் ஆள் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் நாளைக்குச் சம்பளம், காப்பீடு என்று கேட்பாரோ என்ற பயம் அவர்களுக்கு. எனக்கு ஒரு முறை அப்படி மறுத்துவிட்டார்கள். அப்போது நிருபர் அலுவலகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல்களும், வாட்ஸ்அப்பில் தேதியோடு இருந்த மூலப் படங்களும்தான் கைகொடுத்தன. செல்போனை மாற்றும்போது அதையெல்லாம் அழித்துவிட வேண்டாம் என்று உங்கள் நிருபரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். எழுதியது அவர் என்று நிரூபிப்பதோடு, வழக்கு என்று ஒன்று வந்தாலும் அவருக்கு அதுதான் துணை.

விளைவைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் அடக்கமாக இருங்கள். குவாரி நின்றது என்கிறீர்கள். இவர் எழுதியதால் மட்டும் நின்றதா, ஊர்க்காரர்கள் மறியல் செய்தார்களா, யாராவது உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார்களா? இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அவருடைய செய்தியை மனுவில் இணைத்திருந்தால் அது வலுவான சான்று, தனி ஆளாக மணல் கொள்ளையையே ஒழித்தார் என்று எழுதுவதைவிடப் பல மடங்கு வலு. அதேபோல அவர் எங்காவது தவறு செய்து, திருத்தம் போட்டிருந்தால் மறைக்க வேண்டாம். எதிர்த்தரப்பு அவர் மேல் வழக்கு போட்டிருந்தால் அதன் நிலவரத்தையும் உள்ளபடி சொல்லுங்கள். பின்னால் தெரிந்தால் மொத்தக் கோப்பும் சரிந்துவிடும்.

கூட நின்றவர்களின் பெயர். இது பலருக்கும் விட்டுப்போகும். 2019இல் யேமன் போர்ச் செய்திகளுக்காக ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்தின் மூன்று பேர் புலிட்சர் வாங்கினார்கள், அதில் ஒருவர் யேமனிலேயே இருந்த நிருபர் மாத் அல் ஸிக்ரி. விழாவுக்குப் போக அவருக்கு அமெரிக்கா விசா கொடுக்கவில்லை. விசா மறுத்தாலும் பெயர் பட்டியலில் இருந்தது, ஏனென்றால் அனுப்பும்போதே பெயரைச் சேர்த்து அனுப்பினார்கள். உங்கள் நிருபரோடு படம் எடுத்தவர், வண்டி ஓட்டியவர், கணக்கு சரிபார்த்துக் கொடுத்தவர் யாராவது இருந்தால், அவர்கள் சம்மதித்தால், அவர்கள் பெயரும் வரட்டும்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். அவருக்கு இப்போது விருதுதான் தேவையா? தமிழ்நாட்டுக் கடற்கரைத் தாதுமணல் பற்றி சந்தியா ரவிசங்கர் 2017இல் தி வயர் இணைய இதழில் ஒரு தொடர் எழுதி, அதனால் கடுமையான மிரட்டல்களைச் சந்தித்தார். 2019இல் ஃபர்பிடன் ஸ்டோரீஸ் என்ற அமைப்பு, சுரங்க விவகாரங்களை எழுதி ஒடுக்கப்பட்ட நிருபர்களின் வேலையைப் பல நாட்டுப் பத்திரிகைகள் சேர்ந்து தொடர்கிற கிரீன் பிளட் திட்டத்தில் அந்த மணல் விவகாரத்தையும் எடுத்துக்கொண்டது. ஒருவரை மிரட்டி நிறுத்தினால் முப்பது பத்திரிகைகள் எழுதும் என்ற நிலை வந்தால், மிரட்டுவதில் லாபம் குறைந்துவிடும். என் அபிப்பிராயத்தில், ஆபத்தில் இருக்கிற ஒரு நிருபருக்கு மேடையில் கொடுக்கிற கேடயத்தைவிட இப்படி ஒரு கூட்டு பல நேரம் பெரிய உதவி. இரண்டுக்கும் தயார் செய்ய வேண்டிய கோப்பு ஒன்றேதான், அதனால் வேலை வீணாகாது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பெயரை அனுப்பியவுடனே “சர்வதேச விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்” என்று ஊரில் பேனர் வைத்துவிடாதீர்கள். 2021இல் அமைதிக்கான நோபலை மரியா ரெஸ்ஸாவும் திமித்ரி முராதவும் வாங்கினார்கள், இரண்டு பேருமே பத்திரிகையாளர்கள். அந்த ஆண்டு பரிந்துரைக்கப்பட்ட நபர்களும் அமைப்புகளுமாக மொத்தம் 329. யாரோ தகுதியுள்ள ஒருவர் கடிதம் எழுதினார் என்பதற்கு மேல் பரிந்துரைக்குப் பொருள் இல்லை. புலிட்சர் வாரியமும் இறுதி மூன்றுக்குள் வந்தவரை மட்டும்தான் அப்படிச் சொல்லலாம் என்கிறது. அதோடு, மணல் ஆட்களுக்கும் பேனர் படிக்கத் தெரியும். முடிவு வரும்வரை அவரும் நீங்களும் ஆசிரியரும் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம்.

ஆக, இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போங்கள். கடிதம் எதுவும் எழுதிக்கொண்டு போக வேண்டாம், ஒரு நோட்டு மட்டும் போதும். முதல் செய்தியிலிருந்து வரிசையாகத் தேதி கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பத்திரிகைக் கத்தரிப்புகள் இருந்தால் மேலே தேதியும் பதிப்பின் பெயரும் தெரிகிற மாதிரி முழுப் பக்கமாக ஸ்கேன் எடுங்கள், துண்டாக வெட்டியதை யாரும் ஏற்க மாட்டார்கள். அந்த மூன்று நடைச்சீட்டுப் படங்களின் மூலக் கோப்பு அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் மனைவியோ அம்மாவோ வீட்டில் இருப்பார்கள். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்றும் கேட்டுவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள், ஆங்கிலம் நான் பார்த்துக் கொடுக்கிறேன்.